தொரையைத் திட்டிய கட்டி

கொழும்பு விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். தாய்மாமனை மாத்திரை சாப்பிட வைக்க வந்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுற்றுலா என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முழுக் கதையையும் சொல்லியிருந்தால் எனக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். நான் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூளைக் கட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகள் எங்களிடம் வரும். அதில் எந்த மரபணு அடங்காமல் ஆடுகிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. கல்யாண வீட்டில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பாயசம் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போவார். திரும்பி வர மாட்டார்.

இந்த முறை வந்த துணுக்கு என் சொந்த மாமாவின் தலைக்குள் இருந்தது. சுப்பையா மாமா என் அம்மாவின் தம்பி. அம்மா கல்யாணமான கையோடு, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறி, கோத்தகிரிக்கு வந்து அங்கேயும் தேயிலையே பறித்தாள். மாமா உடப்புசல்லாவை ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அவருக்கு மூளையின் முன்பக்கத்தில் கட்டி. பொல்லாத வகை. கண்டியில் ஆபரேஷன் செய்து முடிந்தவரை எடுத்துவிட்டார்கள். மிச்சத்துக்குக் கதிர்வீச்சும் மாத்திரையும் சில வாரங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். மாமா முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, நீங்க வந்து பேசுங்க. எங்க பேச்சு எதுவும் எடுபடல," என்று அவர் மகள் தர்ஷினி போனில் அழுதாள். அவள் ராகலையில் டீச்சர். ஒரு வகுப்பையே முறைத்துப் பார்த்து அடக்குகிறவளால் அப்பாவை அடக்க முடியவில்லை. நான் அந்த மாமாவை நேரில் பார்த்ததே கிடையாது. வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் "ஆங்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆங் சொல்கிற மனிதரை மாத்திரை விழுங்க வைப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

மலையேறும் ரயிலை அங்கே கோச்சி என்கிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் தொங்கியபடி ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அப்படித் தொங்கினால் அபராதம் போடுவார்கள். இங்கே அதற்கென்றே விமானம் பிடித்து வருகிறார்கள். இறால் வடைக்காரர், ஏதோ ஒரு பிள்ளை கணக்குப் போட்டிருந்த கொப்பித் தாளில் வடையைச் சுற்றிக் கொடுத்தார். கணக்கு தப்பு. வடை பிரமாதம்.

எதிர் இருக்கையில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என் பக்கத்தில் இருந்த ஹட்டன் ஆசிரியை காதோடு மொழிபெயர்த்தார்: "இந்தியாக்காரங்க எங்க போனாலும் சீட்டுல சம்மணம் போட்டுத்தான் உக்காருவாங்களாம்." நான் அவசரமாகக் காலைத் தொங்கப்போட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே சங்கடம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பலாக்காய்க் கறியோடு பாதியை என் மடியில் வைத்துவிட்டார். சம்மணம் போட்டுக்கொண்டே சாப்பிடச் சொல்கிறார் என்று ஆசிரியை சொன்னார். அப்படியே செய்தேன்.

ஹட்டனில் ஆசிரியை இறங்கிப் போனார். அதைத் தாண்டியதும் கோச்சி ஒரு தேயிலைச் சரிவின் நடுவே நின்றுவிட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் யாருக்கும் இல்லை. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "எங்க போறீங்க?" என்று கேட்டார். நானுஓயா என்றேன். "அப்ப எறங்கி நடந்துருங்க. வெளிச்சத்துல போய்ச் சேந்துரலாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி செடிக்குக் குனிந்துகொண்டார்.

நானுஓயா ஸ்டேஷனில் தர்ஷினி கம்பளிச் சால்வையோடு காத்திருந்தாள். கோத்தகிரிக்காரிக்குக் குளிரா என்று வீம்பு பேசிவிட்டு, பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் அதை வாங்கிப் போர்த்திக்கொண்டேன். இதே மலை, இதே பனி, இதே தேயிலை. வித்தியாசம் பாலில்தான். இங்கே பால் மாவைக் கரைத்து ஊற்றி அதைத் தேத்தண்ணி என்கிறார்கள். எதிரே ஒரு பசு நின்று நாங்கள் அதைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வேளையிலிருந்து நான் பாலே இல்லாத, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டிக்கு மாறிவிட்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலிலேயே மாமா நின்றார். தலையில் தையல் போட்ட இடத்தை மறைத்துக் கம்பளித் தொப்பி. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"வா பாப்பா. அப்புடியே உங்கம்மா மூக்கு. பாவம், உனக்கும் வந்துருச்சா."

நாற்பதைத் தாண்டிய நான் இன்னும் அவருக்குப் பாப்பாதான். அதை விடுங்கள். ஆங் சொல்கிற மாமா எங்கே போனார் என்று தெரியாமல் முழித்தேன். லெட்சுமி அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். "கோவிச்சுக்காதம்மா. கட்டி வந்ததுல இருந்து இப்புடித்தான். வாய்க்கு வந்தத பேசுறாரு."

தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துவிட்டு அத்தை கதையைச் சொன்னார். சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தை அதைக் கதைக்கு வந்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகச் சொன்னார்.

மாமா அந்தத் தோட்டத்தில் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடியைச் சில வருசத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே மொட்டையாக வெட்டுவதுதான் கவ்வாத்து. வெட்டும் ஆட்களை மேய்ப்பவர் மாமா. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் முன்னால் குனிந்த தலை நிமிராதவர். கொஞ்ச காலம் முன்பு ஒரு காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். துரை பேசிக்கொண்டிருக்கிறார். மாமா திடீரென்று முன்னால் போனாராம்.

"தொரை, நீங்க ஒரு நாளைக்கு சாறி கட்டிக்கிட்டு மலைக்கு வாங்க. காலையில இருந்து கொழுந்து நிறுக்குற வரைக்கும் நில்லுங்க. மூத்திரம் வந்தா எங்க போய் ஒக்காருவீங்கன்னு நாங்க எல்லாரும் நின்னு பாக்குறோம். மலையில ஒரு கக்கூஸ் கட்ட வக்கில்ல, உங்க பங்களாவுல மட்டும் எத்தனை?"

அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை அத்தை சொல்ல மறுத்துவிட்டார். தர்ஷினி பிற்பாடு தனியாகச் சொன்னாள். நானும் இங்கே எழுதப்போவதில்லை. மாமா பேசி முடித்தார். பிறகு கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி சிரித்தாளாம். அதன் பிறகு களத்தில் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

முனி இறங்கிவிட்டது என்று லயம் முழுக்க முடிவு செய்தார்கள். பெண்கள் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டே போனார்கள். துரையும் சாமி விசயம் என்று பயந்து, மலையில் எங்கே கக்கூஸ் கட்டலாம் என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் இடம் பார்க்கச் சொல்லியிருந்தார். அதற்குள் மாமாவுக்கு வலிப்பு வந்து, ஸ்கேன் எடுத்து, முனி இல்லை கட்டிதான் என்று தெரிந்துவிட்டது. துரை இடம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். லயத்துப் பெண்களுக்கு இன்றுவரை டாக்டர்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு.

சாப்பிட்ட கையோடு என் வேலையை ஆரம்பித்தேன். நான் மாமாவிடம் சொன்னது இதுதான். உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லுக்குள்ளும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று ஈரலாகிறது, இன்னொன்று மூளையாகிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் உண்டு, பெரியம்மா வந்து உட்கார்ந்தால் மற்ற வாய்கள் வேலை செய்யாது என்றேன். அந்தப் பெரியம்மா மாமாவுக்கும் அக்காதான், பலமாகத் தலையாட்டினார். மூளைக் கட்டியில் இந்த ஒழுங்கு கெட்டுப்போகிறது. வளரு, வளரு என்று சொல்லும் மரபணுக்கள் ஓயாமல் கத்துகின்றன. போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டியவை அடங்கிப்போகின்றன. சிலவற்றில் எழுத்தே மாறிவிடுகிறது. வேறு சிலவற்றில் எழுத்து சரியாகவே இருக்கும், அதன் மேல் சின்ன ரசாயனத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்க முடியாமல் செய்துவிடும்.

"உங்க கட்டியில அப்படி வாயடைச்சுப் போனதுல ஒண்ணு, பழுது பாக்குற மரபணு மாமா. மாத்திரை போய்க் கட்டியோட செல்லை உள்ளுக்குள்ள சேதப்படுத்தும். பழுது பாக்குற ஆள் முழிச்சிருந்தா அதைச் சரி பண்ணிட்டு கட்டி மறுபடி எழுந்துரும். உங்க கட்டியில அந்த ஆள் தூங்குறான். அதனால மாத்திரை நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம்."

முழுசாகக் குணமாகாது, ஆனால் காலம் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பதையும் சொன்னேன். அதை மறைப்பது என் வழக்கமில்லை. மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசலில் கூடியிருந்த கவ்வாத்து ஆட்களைப் பார்த்தார்.

"பாப்பா படிச்ச பிள்ள. ஆனா ஒரு செடிய வெட்டினது கெடயாது. நான் கேக்குறேன், கவ்வாத்து எதுக்கு வெட்டுறோம்?"

"கொழுந்து தள்ளத்தான்," என்றார்கள் எல்லோரும்.

"வெட்டுனா முன்ன இருந்தத விட அடர்த்தியா தள்ளும். கண்டியில ஏற்கனவே ஒருக்கா வெட்டிட்டாங்க. கவ்வாத்து முடிஞ்சு தளிர் வந்ததும் என்னா போடுவோம்?"

"ஒரம்."

"அந்த ஒரத்தத்தான் இவங்க மாத்திரைன்னு சொல்லிக் குடுக்குறாங்க. கேட்டியா பாப்பா? கட்டிக்கு ஒரம் போட்டு வளக்குறதுக்கு நான் ஆளில்ல."

வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கத்தி பட்டால் கட்டி பரவும் என்று சொல்கிறவர்களை நான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை உரம் என்று சொன்னவர்களை இங்கேதான் பார்த்தேன். ஆயுசு முழுக்க வெட்டியது எல்லாம் தழைத்து வந்ததைப் பார்த்த மனிதர்களிடம், வெட்டினால் சாகும் என்று சொன்னால் எப்படி எடுபடும்? அன்றைக்கு நான் தோற்றுவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும். அதுவும் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை மாமா என்னை மலையைக் காட்டக் கூட்டிப்போனார். இடது கால் லேசாக இழுத்தது. அதைக் கவனிக்காத மாதிரி நானும் மெதுவாக நடந்தேன். வழியில் பார்த்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு விமர்சனம் வைத்திருந்தார். கண்டாக்கின் தொப்பையைப் பற்றி கண்டாக்கிடமே சொன்னார். கண்டாக்கு சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வளைவு தாண்டியதும் பச்சைக்கு நடுவில் ஒரு சரிவு முழுக்க மானாப் புல்தான் இருந்தது. இங்கே ஏன் தேயிலை இல்லை என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நாந்தான் கொன்னேன்," என்றார் மாமா.

கவ்வாத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு செடியின் வேரை அறுத்து, அயோடின் தடவிப் பார்ப்பார்களாம். வேரில் மாவுச்சத்து சேர்ந்திருந்தால் கறுக்கும். கறுக்காவிட்டால் செடியைக் கொஞ்ச காலம் பறிக்காமல் விட்டு, தேறின பிறகு வெட்ட வேண்டும். அந்த வருசம் வெயில் கடுமை. வேர் கறுக்கவில்லை. புதிதாக வந்த சின்னதுரை அவசரப்பட்டார்.

"வேருல மாவு இல்லன்னு எனக்குத் தெரியும். வெட்டுன்னாரு. சலாம் போட்டுட்டு வெட்டுனேன். ஒரு செடி எழும்பல."

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"அப்ப எனக்குக் கட்டி இல்லையே பாப்பா."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு என்னமோ போல் இருந்தது. அப்புறம்தான் எனக்குள் பொறி தட்டியது. பேசுகிற வாயைப் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வராது.

"அப்ப வெட்டுனா தளிர்க்காத செடியும் உண்டு."

"வேருல மாவு இல்லன்னா எழும்பாது. எந்த ஒரம் போட்டாலும் எழும்பாது."

"உங்க கட்டிக்கு வேருல மாவு இல்ல மாமா. அடிபட்டா எழுந்திருக்கறதுக்கு அதுக்குன்னு இருந்த சத்து அந்தப் பழுது பாக்குற மரபணுதான். அதுதான் அடங்கிக் கிடக்கு. மாத்திரையால வெட்டறதுக்கு இதுதான் நேரம்."

மாமா கீழே குனிந்தார். ஒரு மானாப் புல்லைப் பிடுங்கிப் பல்லில் கடித்தார்.

"வேரப் பாத்தது யாரு?"

"நாந்தான் பாத்தேன்."

"நல்லா பாத்தியா? கறுக்கலையா?"

"கறுக்கல மாமா. திரும்பவும் ஒருமுறை செஞ்சு பாத்தேன்."

"சரி, கண்டிக்கு வர்றேன். டாக்டர் நோனாவ பாக்க மட்டுந்தான். மாத்திரைக்கு இன்னும் சரி சொல்லல," என்றார். அங்கே அம்மா, மேடம் எல்லாம் நோனாதான். இறங்கும்போது வழியில் எதிர்ப்பட்ட கண்டாக்கிடம் மறுபடியும் தொப்பையைப் பற்றிப் பேசினார்.

அடுத்த நாள் நாங்கள் நாலு பேரும் கண்டிக்குப் போக நிமல் என்பவரின் வேன். நிமல் சிங்களவர், தோட்டங்களுக்கே வேன் ஓட்டி ஓட்டி எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசினார். நுவரெலியா தாண்டியதும் லீக்ஸ் மலிவு என்று ஒரு கடையில் நிறுத்தினார். இன்னொரு கடையில் கேரட். மாமியார் வீட்டுக்காம். முன் சீட்டில் நானும் லீக்ஸ் கட்டும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கோத்தகிரியில் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே வளைவில் ஹாரன் அடிப்பார்கள். நிமல் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். அதற்குக் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

இறம்பொடைக்குப் பக்கத்தில் கருகல் வாடை வந்தது. நிமல் வேனை ஓரமாக ஒதுக்கி, இறங்கிச் சக்கரத்தை முகர்ந்து பார்த்தார்.

"பிரேக் சூடாயிருச்சு நோனா. இதுக்கு மேல புடிக்காது. ஆறட்டும், போவோம்."

எதிரே அருவி. மேலே அனுமார் கோயில். அத்தையும் தர்ஷினியும் நேர்ந்துகொள்ளப் படியேறினார்கள். மாமாவுக்குப் படியேற முடியாது. நானும் அவரும் ரோட்டோரக் கடையில் பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு பெரிய பஸ் நிறையச் சுற்றுலாக்காரர்கள் இறங்கி, அருவியை விட்டுவிட்டு எங்கள் வேனின் புகையைப் போட்டோ எடுத்தார்கள். மாமா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு."

"கேளுங்க."

"அன்னைக்கு பெரட்டுல தொரைய கேட்டது நானா, இல்ல கட்டியா?"

கையிலிருந்த பிளேன்டியை பெஞ்சில் வைத்தேன்.

"எல்லாரும் கட்டின்னு சொல்றாங்க. உங்கத்தையும் அதத்தான் சொல்றா. நீயும் மாத்திரை குடுத்து அத சுருக்கப் பாக்குற. சுருங்கிருச்சுன்னா நான் பழையபடி ஆங், ஆங்னு சலாம் போட்டுக்கிட்டுத்தானே திரியணும்? அந்த மலை செத்தப்ப வாயத் தொறக்காம நின்னேன் பாரு, அந்த ஆளா மறுபடி போகணும். அப்புடி இருக்கறதுக்குக் காலம் நீண்டா என்னா, நீளாட்டி என்னா?"

உரமும் கிடையாது, கவ்வாத்தும் கிடையாது. விசயம் இதுதான். ஊர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டுத்தான் உரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் வருகிற கட்டிகள் எல்லாம் கண்ணாடித் தகட்டில்தான் வரும். அவை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அழவும் முடியவில்லை.

"மாமா, கட்டிக்குப் பேச வராது. அதுக்குத் தெரிஞ்சது வளர்றது ஒண்ணுதான். மூளையோட முன்பக்கம் நமக்கு பிரேக் மாதிரி. எதைச் சொல்லலாம், எதை அடக்கணும்னு புடிச்சு நிறுத்துற இடம். கட்டி அங்க போய் உக்காந்துக்கிட்டு பிரேக்கைக் கழட்டிருச்சு. இந்த வேனைப் பாருங்க. பிரேக் போனா வண்டி கண்டபடி ஓடும். ஆனா பிரேக் போனதால யாரும் புதுசா ஒரு இஞ்சினைக் கொண்டுவந்து உள்ள வைக்கல."

"அப்ப அந்தப் பேச்சு?"

"முழுக்க உங்களது. எத்தனையோ வருசமா உள்ளதான் இருந்திருக்கு. மரபணுவும் இப்படித்தான், எல்லாம் உள்ளேயேதான் இருக்கும். வெளிய வரவிடறதா இல்லையாங்கறதுதான் சங்கதி."

மாமா கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"கெட்ட வார்த்தையும் என்னோடதா?"

"அதுவும் உங்களதுதான்."

அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பிரேக்கு திரும்பி வந்துருச்சுன்னா?"

"திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வந்தா கூடவே பயமும் வரும். பயத்தோடதான் பேசணும். அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல மாமா."

இதைவிட நல்லதாக எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். மாமா பிளேன்டியைக் குடித்து முடித்தார். அத்தை நெற்றி நிறையத் திருநீறோடு இறங்கி வந்து அவர் நெற்றியிலும் பூசினார். நிமல் சக்கரத்தை மறுபடி முகர்ந்து பார்த்து, போகலாம் என்றார்.

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சிங்களப் பெண். களைத்த முகம், பொறுமையான குரல். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தர்ஷினி நடுவில் இருந்து மாற்றி மாற்றிச் சொன்னாள். எவ்வளவு காலம் என்று மாமா கேட்கச் சொன்னார். தர்ஷினி கேட்டாள். டாக்டர் மாமாவை நேராகப் பார்த்தே பதில் சொன்னார். உறுதியாகச் சொல்ல முடியாது, சிகிச்சை எடுத்தால் எடுக்காததைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், அந்தக் காலத்தை வீட்டில் நடமாடியபடி கழிக்க வாய்ப்பு உண்டு என்றார். பொய் கலக்காத பதில்.

மாமா என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு டாக்டரிடம், "சரி நோனா, ஒரத்தப் போடுங்க," என்றார்.

டாக்டர் தர்ஷினியைப் பார்த்தார். தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதிக்கிறார் என்று மட்டும் மொழிபெயர்த்தாள்.

அன்றைக்கே நான் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் என்னோடு ஒரு மூட்டை கருவாடும் உட்கார்ந்து வந்தது. விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் வேறு சீட் கேட்டுப் போய்விட்டார். இந்த முறை நான் மரபணுவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சென்னைக்கு வந்த பிறகு தர்ஷினி அவ்வப்போது செய்தி அனுப்புவாள். கதிர்வீச்சு தொடங்கியது. முடி கொட்டியது. சாப்பிட்டது தங்கவில்லை, பிறகு தங்கியது. எடுத்த ஸ்கேனில் கட்டி வளரவில்லை. வீக்கம் வற்றியிருந்தது. கடைசியாக ஒருநாள் எழுதினாள்: "அப்பா முன்ன மாதிரி பேசுறதில்ல மதினி. கண்டாக்கு வந்து கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, ஒண்ணும் கெடைக்காம திரும்பிப் போனாரு. அம்மா நிம்மதின்னு சொல்றாங்க. அப்புறம் அடுப்படிக்குள்ள போய் அழுறாங்க." அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. இறம்பொடையில் நான் சொன்னதெல்லாம் ஒரு நோயாளியைச் சம்மதிக்க வைக்கச் சொன்ன சமாதானமாக ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

போன வாரம் போன் வந்தது. தர்ஷினி "அப்பா பேசணுமாம்" என்று சொல்லிக் கொடுத்தாள். மறுமுனையில் சத்தமே இல்லை. பழைய மாமாதான். நலமா என்றேன்.

"ஆங்."

சாப்பாடு இறங்குகிறதா என்றேன்.

"ஆங்."

போனை வைத்துவிடலாமா என்று நினைத்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, பெரட்டுக்குப் போயிருந்தேன். தொரைகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அந்தக் கக்கூஸ் விசயந்தான். கெட்ட வார்த்தை ஒண்ணும் வரல. தேடிப் பாத்தேன், வரல. பொம்பளைங்க மலையில ரொம்பக் கஸ்டப்படுறாங்க, கட்டிக் குடுங்க தொரைன்னேன்."

"தொரை என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு. நாளைக்கும் போய்க் கேப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்குச்சு பாப்பா. வேர்த்து ஊத்திருச்சு. முதல்ல கேட்டப்ப இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கட்டி பேசியிருந்தா காலு நடுங்கியிருக்காதுல்ல?"

"நடுங்கியிருக்காது மாமா," என்றேன்.